ஹவுஸ் இல்லாத வெண்ணிலா

ஆசிரியர் வேலையில் பாடம் நடத்துவது சுலபமான பங்கு. பிள்ளைகளை "ஒரே குடும்பம்" ஆக்குவதுதான் உயிரை வாங்கும். நீங்களும் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவராக இருந்தால், அல்லது பிள்ளையை அனுப்பிவிட்டுப் பள்ளி வாட்ஸாப் குழுவைத் திறக்கவே பயப்படுகிறவராக இருந்தால், இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் மிஸ். கூடவே பாரம்பரியக் குழுவின் ஒருங்கிணைப்பாளர். இந்தப் பதவிக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. ஒரு மீட்டிங்குக்குத் தாமதமாகப் போனேன், கொடுத்துவிட்டார்கள்.

பானையில் ஒரு கை

எங்கள் பள்ளியில் நான்கு ஹவுஸ்கள்: காவிரி, வைகை, பாலாறு, தாமிரபரணி. ஜூன் மாதத்தில் ஒருநாள் மேடையில் மண்பானை வைப்போம். புதுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, கையை விட்டு ஒரு வண்ணச் சீட்டை எடுக்க வேண்டும். நீலம் வந்தால் காவிரி, மஞ்சள் வந்தால் வைகை. உடனே மேளம் முழங்கும். அந்த ஹவுஸ் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்து புதுப்பிள்ளையைக் கட்டிக்கொள்வார்கள். பிரின்சிபால் மேடம் எங்கோ பயிற்சி முகாமுக்குப் போய்வந்து தொடங்கிய வழக்கம் இது. எங்கள் பள்ளியில் எதையும் இரண்டாவது தடவை செய்துவிட்டால் அது பாரம்பரியம்.

பானை யாரிடமும் பாரபட்சம் பார்க்காது என்பார் மேடம். பெற்றோர் பார்ப்பார்கள். இந்த வருடம் விழா முடிந்ததும், சித்திரை வீதியிலிருந்து வரும் ஓர் அம்மா என்னைத் தூணோரமாக நிறுத்திக்கொண்டார். அவர் பையனுக்கு மஞ்சள் வந்திருந்தது. மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். பானை முடிவை மாற்ற முடியாது என்றேன். அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "பெருமாள் திருவடியிலேயே குடியிருந்துண்டு, எங்காத்துக் குழந்தை போயும் போயும் மதுரை ஆத்துக்குக் கோஷம் போடணுமா, மிஸ்?"

நடுவில் வந்தவள்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, வெண்ணிலா என் வகுப்பில் வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. விழுப்புரத்திலிருந்து பொன்மலைக்கு மாற்றல். அன்றைக்கே அவளுக்குப் புத்தகம் கிடைத்தது, பெஞ்சில் இடம் கிடைத்தது, பஸ்ஸில் ஜன்னலோர சீட்கூடக் கிடைத்தது. ஹவுஸ் மட்டும் கிடைக்கவில்லை.

எங்கள் பள்ளியில் ஹவுஸ் இல்லாமல் ஒன்றும் நடக்காது. காலை வழிபாட்டில் ஹவுஸ்வாரியாக நிற்க வேண்டும். பிறந்தநாள் வந்தால் ஹவுஸ்தான் பாட்டுப் பாட வேண்டும். அந்தப் பெண் வழிபாட்டில் நான்கு வரிசைகளுக்கும் அப்பால் கொடிக்கம்பத்துக்குத் துணையாக நின்றாள். மேடத்தின் அறைக்குப் போய், ஏதாவது ஒரு ஹவுஸில் போட்டுவிடலாமே என்றேன். மேடத்துக்குக் கோபம் வராது. வருத்தம்தான் வரும், அது இன்னும் மோசம். "ஆபீஸ் ரூம்ல உக்காந்து போட்டுக்கொடுத்தா அந்தப் பானைக்கு என்ன மரியாதை, மிஸ்? அடுத்த ஜூன் வரைக்கும் பொறுத்துக்கட்டும். ஒரு குடும்பத்துல சேர்றதுக்கு ஒரு முறை இருக்கில்ல?"

வெள்ளிக்கிழமைப் பாய்

வெள்ளிதோறும் மதியம் "கூடி உண்போம்". ஹாலில் நான்கு வண்ணப் பாய்களை விரித்து, ஹவுஸ் ஹவுஸாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சிந்தாமல், சத்தம் போடாமல், பகிர்ந்து உண்ணும் பாய்க்குப் பாயிண்ட் உண்டு. பகிர்வதை மேற்பார்வையிட ஒவ்வொரு பாய்க்கும் பேட்ஜ் குத்திய ஒரு கேப்டன் உண்டு. சுவரில் பெரிய எழுத்தில் "நாம் அனைவரும் ஒன்று" என்று எழுதியிருக்கும்.

முதல் வெள்ளியன்று வெண்ணிலா டிபன் பாக்ஸோடு ஹால் வாசலில் நின்றாள். நான் கையைப் பிடித்து அழைத்துப்போய் நீலப் பாயின் ஓரத்தில் உட்கார வைத்தேன். கேப்டன் பையன் எழுந்து நின்றுவிட்டான். நல்ல பையன்தான், திருக்குறள் ஒப்பித்தலில் முதல் பரிசு வாங்கியவன். "அவ காவிரி இல்ல மிஸ். வெளியாளை உக்கார வெச்சா எங்களுக்குத்தான் பாயிண்ட் போகும்."

வெண்ணிலா தானே எழுந்து, விளையாட்டுத் திடலுக்கு இறங்கும் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். பின்னாலேயே போனேன். அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். "பரவால்ல மிஸ், இங்க காத்து நல்லா வருது."

வெள்ளிக்கிழமை வயிற்றுவலி

ஒரு மாதம் கழித்து அவளுடைய அப்பா வந்தார். பொன்மலைப் பணிமனையில் ஃபிட்டர். சீருடையோடு நேரே வந்திருந்தார். பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை காலையானால் வயிற்றுவலி வருகிறதாம். புத்தூரில் டாக்டரிடம் காட்டினார்களாம். வயிற்றில் ஒன்றுமில்லை, பள்ளிக்கூடத்தில் என்ன என்று விசாரியுங்கள் என்றாராம்.

நான் பானையைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் விளையாட்டு விழா வரை பார்ப்பதாகவும், அதற்குள் சரியாகவில்லை என்றால் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளியில் சேர்த்துவிடுவதாகவும் சொன்னார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "நானும் ஊர் ஊரா மாத்தல்ல போனவன்தாங்க, மிஸ். எந்த ஷெட்டுக்குப் போனாலும் அன்னிக்குச் சாயங்காலமே வாலிபால் ஆட வாய்யான்னு கூப்பிடுவானுங்க. பானைக்குள்ள கையை விடுன்னு ஒருத்தனும் சொன்னதில்ல."

படிக்கட்டுவாசிகள்

அப்புறம் நடந்ததற்கு எந்தக் குழுவும் பொறுப்பல்ல. பாலக்கரையிலிருந்து வரும் ஒரு பையன் காவிரிப் பாயில் முட்டைப் பொரியலைத் திறந்தான். வாசனை வந்தால் பாயிண்ட் போகும் என்று கேப்டன் தீர்ப்பளிக்க, பையன் டப்பாவை மூடிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனான். அடுத்த வாரம், ரிலேயில் குச்சியைத் தவறவிட்டதற்காக வைகை முழுவதும் சேர்ந்து பேசாமல் விட்ட ஒரு பெண் வந்தாள். பாலாற்றில் சோறு சிந்திய இரண்டு பேர் வந்தார்கள். வெண்ணிலா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அவ்வளவுதான் அங்கே வரவேற்பு விழா.

ஹாலில் நிசப்தமாகப் பகிர்ந்துகொண்டிருந்தபோது, வெளியே சிரிப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை வயிற்றுவலி நின்றுவிட்டதா என்று வெண்ணிலாவை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எனக்கு வலி இல்ல மிஸ். அந்த முட்டைக்காரன்தான் பாவம், அவன் பொரியல்ல அவனுக்கே ஒரு வாய்தான் கிடைக்குது."

ஐந்தாவது ஆறு

விளையாட்டு விழா அணிவகுப்பு ஒத்திகை. பி.டி. சார் விசில் ஊதி, ஹவுஸ்வாரியாக நிற்கச் சொன்னார். நான்கு வரிசைகளும் இளைத்துப் போயிருந்தன. கொடிக்கம்பத்தடியில் வெண்ணிலாவுக்குப் பின்னால் ஒரு கூட்டம் நின்றது. எந்த ஹவுஸ் என்று சார் கேட்டால் சிரித்தார்கள்.

அன்றைக்கே அவசரக் கூட்டம். ஐந்தாவது ஹவுஸ் தொடங்கலாம், பெயர் கொள்ளிடம் என்றார் மேடம். காவிரியில் தண்ணீர் மிஞ்சினால் கொள்ளிடத்தில் திறந்துவிடுவார்கள் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெயர் பொருத்தமாக இருக்கிறது என்று நினைத்தேன், சொல்லவில்லை. அப்படியானால் படிக்கட்டுப் பிள்ளைகள் எல்லாரையும் கொள்ளிடத்தில் எழுதிக்கொள்ளட்டுமா என்று சார் கேட்டார்.

"அதெப்படி? பானையில எடுத்தது எடுத்ததுதான். அவங்கவங்க பழைய ஹவுஸ்லதான் இருக்கணும்."

"அப்ப கொள்ளிடத்துல யாரு மேடம்?"

"வெண்ணிலா."

"அவ மட்டுமா?"

மேடம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "கேப்டனாவும் அவளையே போட்டுடுங்க சார், போட்டியே இருக்காது."

ஒரு நபர் அணிவகுப்பு

விழாவன்று நான்கு ஹவுஸ்கள் மேடையைக் கடந்தன. ஐந்தாவதாக, ஆரஞ்சுக் கொடியைத் தூக்கிக்கொண்டு வெண்ணிலா தனியாக நடந்து வந்தாள். சிறப்பு விருந்தினர் எழுந்து சல்யூட் அடித்தார். ஒலிபெருக்கியில் "கொள்ளிடம் அணி கம்பீரமாக வருகிறது" என்றார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற அவளுடைய அப்பா என் பக்கம் திரும்பினார். "பிள்ளையை வேடிக்கைப் பொருளாக்கிட்டீங்களே மிஸ்," என்று சொல்லிவிட்டு, டி.சி.க்கு எழுதிக்கொடுக்க ஆபீஸ் எங்கே என்று கேட்டார். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. முதலில் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று அவரை ஹாலுக்கு அழைத்துப்போனேன்.

ஹாலில் ஐந்து பாய்கள் விரித்துக் கிடந்தன. ஐந்திலும் ஆள் இல்லை. பேட்ஜ் குத்திய கேப்டன்கள்கூட இல்லை. படிக்கட்டில் மேலிருந்து கீழ்வரை பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்து, டப்பாக்களைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். கொள்ளிடம் கொடியில் யாரோ கை துடைத்துக்கொண்டிருந்தார்கள். நடுப்படியில் இருந்த வெண்ணிலாவிடம், டி.சி. வாங்கிவிடட்டுமா என்று அப்பா எட்டிக் கேட்டார். வாயில் சோற்றோடு அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்குப்பா? இங்க இடம் இல்ல, நீங்க போய் அந்தப் பாயில உக்காந்துக்குங்க."

மறுவாரம் பாரம்பரியக் குழு கூடி, பிள்ளைகளின் ஒற்றுமையை மனதாரப் பாராட்டி, அந்தப் படிக்கட்டை ஐந்தாகப் பிரித்து ஐந்து வண்ணம் அடிப்பதென்று ஒருமனதாகத் தீர்மானித்தது.