ஜக்கம்மா என்ன சொன்னாள்?

போன மாதம் வீடு மாறினோம். கோயம்புத்தூருக்குள்ளேயேதான். சாமான் ஏற்ற வந்த வண்டியின் பின்கதவைத் திறந்ததும் ஏலக்காயும் டீசலும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. முந்தின நாள் மூட்டை ஏற்றியிருப்பார்கள் போல. பீரோவின் ஒரு முனையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். "நீங்க நின்னா பீரோ தானா ஏறிக்குமா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான். வீடு மாறும்போது எதற்கும் உதவாமல் நிற்பது எனக்குச் சின்ன வயதிலேயே படிந்த பழக்கம்.

முதல் தடவை மாறியபோது எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். போடியில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். அப்பாவுக்கு மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை கிடைத்தது. கூடவே ஒரு வீடு. வாடகை கிடையாது, விறகு சும்மா, வாசலைத் தாண்டினால் ஓடை. "குடுத்து வச்சவக" என்று தெருவே சொன்னது. ஜீப்பில் பாத்திர மூட்டைகளுக்கு நடுவே ஆட்டுக்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மலையுச்சியில் இருக்கும் மெட்டு ஏறும்வரை வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தபடி போய்ச் சேர்ந்தேன். அம்மா திரும்பித் திரும்பிக் கீழே ஊரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு இது புரியாது. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் ஒரு கிட்டங்கியில் அவளுக்கு வேலை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பெருங்காய், சிறுகாய், வெடித்த காய் என்று பொறுக்கிப் போடுவார்கள். கை காயில் இருக்கும், வாய் ஊர்க்கதையில் இருக்கும். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் ஜக்கம்மா. அம்மாவுக்கு அவள் ஜக்கு. இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் கணக்குப்பிள்ளை வந்து, "ஆத்தா, ரெண்டு ரேடியோவையும் செத்த அமத்துங்க, மண்டைய இடிக்குது" என்பாராம். அதையும் அம்மா பெருமையாகத்தான் சொல்வாள்.

மலைவீட்டில் பேச ஆளில்லை. வேலையாட்கள் காலையில் ஜீப்பில் வந்து காட்டுக்குள் போய்விடுவார்கள், சாயங்காலம் இறங்கிவிடுவார்கள். பக்கத்து வீடு என்று சொல்லக்கூடியது வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு சேச்சியுடையது. அந்தச் சேச்சிக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு மலையாளம் தெரியாது. பாவம், சிரித்துச் சிரித்து இருவருக்கும் வாய் வலித்ததுதான் மிச்சம். அப்பாவோ ராத்திரி பூராவும் ஸ்டோரில் அடுப்பெரித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். "மெதுவா, அப்பா தூங்குறாக" என்பதுதான் அந்த வீட்டில் அதிகம் கேட்ட வாக்கியம். வெளியே மழை தன் பாட்டுக்குப் பெய்துகொண்டிருக்கும்.

முதலில் அம்மா சட்டி பானையோடு பேசினாள். பிறகு அதுவும் நின்றது. ஒருநாள், "வாயி மறந்துபோயிரும் போல இருக்கு, அப்பு" என்றாள். அதைச் சொல்லவே தொண்டையைச் செருமிக்கொண்டாள். இன்னொரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், அவிழ்ந்த தலையும் வெறுங்காலுமாக, வீட்டைவிட்டு வெகுதூரம் கீழே ரோட்டில் நிற்கிறாள். காலில் அட்டை கடித்து ரத்தம் வழிகிறது, அவளுக்கு அது தெரியவில்லை.

"எங்கம்மா போற?"

"ஆள் பேசுற சத்தம் கேட்டுச்சு."

ஒரு சத்தமும் இல்லை. அதற்கப்புறம் பள்ளியிலிருந்து தினமும் ஓடித்தான் வருவேன். அம்மா பைத்தியமாகிவிடுவாளோ என்று எனக்குப் பயம். அதை யாரிடமும் சொல்லத் தெரியவில்லை.

எங்களைக் கொண்டுவந்து இறக்கிய ஜீப் டிரைவர் பால்பாண்டி அண்ணன்தான் தினமும் ஆள் ஏற்றி வருகிறவர். மலை ஏறிய சூட்டுக்கு ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்ற எங்கள் வாசலில் நிறுத்துவார். அம்மா வாளி கொடுப்பாள். ஒருநாள் வாளியை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, கிட்டங்கில ஜக்குன்னு இருப்பா. மேலவீட்டுக்காரி மகளுக்குப் பேறு ஆயிருச்சான்னு கேட்டு வாங்க."

நலமாயிருக்கிறேன் என்று சொல்லி அனுப்பக் கூடாதா என்று நான் கேட்டதற்கு, "சொல்லிவிட்டா அதோட போச்சு. கேட்டுவிட்டாத்தான பதிலு வரும்" என்றாள். பேச்சு விஷயத்தில் அவள் சாமர்த்தியசாலி.

மறுநாள் பதில் வந்தது. "ஆம்பளப் புள்ளையாம். மூக்கு மட்டும் அவுக மாமியா மூக்காம்." அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. பிறகு தினம் ஒரு கேள்வி இறங்கும், தினம் ஒரு பதில் ஏறும். "என்னைய நெனைக்கிறாளான்னு கேளுங்க" என்று ஒருநாள். "நெனைக்க நேரமில்லையாம். நீ போனப்புறம் இப்பத்தான் காது கொஞ்சம் ஆறியிருக்காம்" என்று மறுநாள். "அவ வாயிருக்கே வாயி" என்று அன்றைக்குப் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தாள் அம்மா. தலை சீவினாள். குழம்பில் உப்பு சரியாக விழுந்தது. நானும் ஓடி வருவதை நிறுத்தினேன்.

மறு வருஷம் மாரியம்மன் பொங்கலுக்கு ஊருக்கு இறங்கினோம். அம்மா நேரே கிட்டங்கிக்குத்தான் போனாள். ஜக்குவின் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். "ஜக்குவா? நீ மலையேறுன அந்த மாசமே அவ திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போயிட்டாளே. ஒனக்குத் தெரியாதா?" என்றார்கள். அம்மா தராசடியில் சிந்திக் கிடந்த காய்களைக் கூட்டி ஒதுக்கினாள். "தெரியும், தெரியும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

திரும்பும்போதும் அதே ஜீப்புதான். இத்தனை நாள் கதைவிட்டதற்கு இன்றைக்கு அண்ணனுக்கு அம்மாவிடம் மண்டகப்படி நிச்சயம் என்று காத்திருந்தேன். வாசலில் இறங்கிய அம்மா, வழக்கம்போல வாளியைக் கொடுத்தாள். அப்புறம் சொன்னாள்.

"அண்ணே, ஜக்குகிட்ட கேளுங்க. ஊருக்கு வந்தவளப் பாக்காம எங்க போயி ஒளிஞ்சாளாம்?"

அண்ணன் அம்மாவைப் பார்த்தார். ரேடியேட்டரில் தண்ணீர் நிறைந்து வழிந்து அவர் காலை நனைத்தது. "கேட்டுச் சொல்றேன் தாயி" என்றார்.

மறுநாள் வண்டியை அணைக்காமலே சொன்னார். "கோவிச்சுக்கிராதயாம். ஒன் மூஞ்சியப் பாத்தா அழுதுருவேன்னு ஒளிஞ்சுக்கிட்டாளாம்." அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்புறம் அடுத்த கேள்விக்கு யோசிக்க ஆரம்பித்தாள்.

அப்பா வேலையை விட்டு நாங்கள் போடிக்கே திரும்பிய பிறகும், கடைத்தெருவில் அண்ணனைப் பார்த்தால் "ஜக்கு என்ன சொல்றா?" என்பாள். அவரும் எதையாவது சொல்வார். அவர் காலமாகி நாளாகிவிட்டது. இப்போது மெட்டுவரை செல்போன் பேசுகிறது. ஜீப்புகளும் யார் வாசலிலும் தண்ணீருக்கு நிற்பதில்லை.

புது வீட்டைப் பார்க்க அம்மா வந்திருந்தாள். திருப்பூரில் தெரிந்தவர் மூலம் ஜக்கம்மாவின் நம்பரைத் தேடிப்பிடித்து, பெரிய காரியம் செய்துவிட்ட தோரணையில் போனைப் போட்டுக் கையில் கொடுத்தேன். நல்லாருக்கியா, நல்லாருக்கேன், பேரப்பிள்ளைக எத்தன, முழங்கால் வலி தேவலையா. அவ்வளவுதான். அம்மா வைத்துவிட்டாள்.

"ஏம்மா, அதுக்குள்ளயா?"

போனை என்னிடம் நீட்டினாள். "இது வேற யாரோ, அப்பு. பால்பாண்டி அண்ணன் போனப்பவே ஜக்குவும் போயிட்டா."