எழுந்து நிற்காத பாத்திரம்

எங்கள் முகப்பேர் குடியிருப்பில் வருடாவருடம் பொங்கல் விழாவுக்கு ஒரு நாடகம் உண்டு. எழுதுவது நான். பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் என்று தெரிந்துபோன நாளிலிருந்து, தண்ணீர்த் தொட்டி கழுவும் நாளை அறிவிக்கும் நோட்டீஸ்கூட என்னிடம்தான் வருகிறது. போன வருடம் கொஞ்சம் இலக்கியமாக எழுதிவிடலாம் என்று ஆசைப்பட்டதுதான் தப்பு. ஒரு மனிதன், அவன் மனைவி, அவனுடைய சின்ன வீடு. மூன்று பேர், ஐந்து காட்சி, கடைசியில் ஒரு சாவு. சாவது யார் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். நீங்களும் படம் பார்க்கிறவர்கள்தானே.

சின்ன வீட்டுக்காரி எப்படி இருப்பாள் என்பது எனக்கு மனப்பாடம். படத்தில் என்றால் மாடிப்படி வைத்த பங்களா, வழுக்கும் புடவை, நகப்பூச்சு, கையெட்டும் தூரத்தில் டெலிபோன். நாவலில் என்றால் இவற்றோடு கொஞ்சம் சங்கீதமும் ஒரு இருமலும். படத்தில் அவள் கடைசிப் பத்து நிமிடத்தில் துப்பாக்கிக் குண்டுக்குக் குறுக்கே பாய்வாள். நாவலில் இருமலே போதும்.

நிஜத்தில் நான் பார்த்த ஒரே சின்ன வீட்டுக்காரி, என் பள்ளிக்கூட நாட்களில் அம்பத்தூர் ரேஷன் கடை வரிசையில் மண்ணெண்ணெய் கேனோடு எனக்கு முன்னால் நின்றவர். பின்னால் நின்ற பெண்கள் கிசுகிசுத்ததில் தெரிந்தது. உடனே அவர் நகத்தைப் பார்த்தேன். பூச்சு இல்லை, இட்லி மாவு ஒட்டியிருந்தது. இருமவும் இல்லை. சர்க்கரை தீர்ந்துவிட்டது என்ற கடைக்காரரை அவர் ஒரு கேள்வி கேட்டார், உள்ளேயிருந்து ஒரு மூட்டை வந்தது. இலக்கியத்துக்கு உதவாத பெண்மணி என்று அன்றே அவரை ஒதுக்கிவிட்டேன்.

எனவே என் நாடகத்தில் இருந்தது பங்களாக்காரிதான். அந்த வேடத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்று பயந்து, கலை வேறு வாழ்க்கை வேறு என்று ஒரு சொற்பொழிவுகூடத் தயாரித்து வைத்திருந்தேன். அறிவிப்பை ஒட்டிய அன்று மாலைக்குள் ஐந்து பெண்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஐந்தும் சின்ன வீட்டுக்கு. மனைவி வேடத்துக்கு ஒருத்தரும் இல்லை.

“அவளுக்கு என்ன சார் இருக்கு? காபி கொண்டு வர்றா, அழறா, கதவுக்குப் பின்னாடி போறா. அதான் தினம் பண்றோமே” என்றார் ஒருத்தர்.

சீட்டுக் குலுக்கினோம். தரைத்தளத்து அக்காவுக்கு விழுந்தது. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர். ஆவடியில் பீரங்கி வண்டி செய்யும் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் முப்பது வருடம் குடும்பம் நடத்திவிட்டு, கணவர் ஓய்வு பெற்றதும் இங்கே வந்தவர். மனைவி வேடத்தை என் மனைவி ஏற்றுக்கொண்டாள். “எனக்கு ஒத்திகையே வேண்டாம்” என்றாள். கணவன் வேடத்துக்கு நான் கேட்ட ஆண்களுக்கெல்லாம், வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிவிட்டு வந்ததும் முதுகுவலி. ஆகவே நான்.

மொட்டைமாடியில் ஒத்திகை. திரை விலகும்போது அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், அவன் உள்ளே வருவான், அவள் எழாமல் ஏற இறங்கப் பார்த்து “வந்தாச்சா?” என்பாள். இவ்வளவுதான் முதல் காட்சி. நான் உள்ளே வந்தேன். அக்கா விருட்டென்று எழுந்து முந்தானையைச் சரிசெய்தார். மறுபடி வந்தேன். எழுந்து “காப்பி போடட்டா?” என்றார். மூன்றாம் முறை என் கையிலிருந்த பையையே வாங்கிக்கொண்டார்.

“அக்கா, அது என் வேலை. நீங்க உக்காருங்க” என்றாள் என் மனைவி.

“இன்னா பண்றது தங்கச்சி, ஆம்பள காலடிச் சத்தம் கேட்டா முட்டி தானா எந்திரிச்சிக்குது.”

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது அவருடைய கணவர் வந்தார். தொழிற்சாலை இரைச்சலைத் தாண்டிப் பேசிப் பழகிய குரல். ரகசியம் என்று அவர் சொல்வது மூன்றாம் மாடிக்குக் கேட்கும்.

“தம்பி, திருவேற்காட்லருந்து சம்பந்தி ஊட்டு ஆளுங்கல்லாம் வராங்க. இவ போயி சின்ன ஊடா உக்காந்துனு இருந்தா இன்னா நெனப்பாங்க? பெரிய ஊடா மாத்தி உட்டுடேன்.”

மாற்றிவிடுகிறேன் என்றேன். எனக்கு எதிரில் நிற்கிறவர் சொல்வதெல்லாம் நியாயமாகப் படும். அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார், அக்கா வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன்.

“வேணாம் தம்பி, நின்னுகினே சொல்லிடறேன். அவரு சொன்னத கேக்காத. மாமனார் வந்தா எந்திரிச்சேன், மாமியார் வந்தா எந்திரிச்சேன், இவரு வந்தா எந்திரிச்சேன், இப்ப மருமவன் வந்தா எந்திரிக்கிறேன். உன் கத எனக்கு ஒண்ணும் பெருசா தெரில, தப்பா நெனைக்காத. அந்த நாற்காலிதான். ஒரு ஆம்பள வந்து நிக்கறான், அவ பாட்டுக்கு உக்காந்துகினு கீறா. அத்த ஒரே ஒரு தபா, இவரு பாக்கறப்போ பண்ணணும்.”

“கடைசில செத்துப் போறாளே அக்கா.”

“சாவட்டும். உக்காந்துகினே சாவறேன்.”

நான் தின்று தீர்த்த கதைகளை யோசித்துப் பார்த்தேன். ஆண் நிற்கும்போது உட்கார்ந்திருக்கும் உரிமையைச் சின்ன வீட்டுக்காரிக்கு மட்டும்தான் கொடுத்திருந்தார்கள். கொடுத்தவர்கள் அதைப் பிடுங்கிக்கொள்ளக் கடைசி அத்தியாயத்தில் ஏற்பாடும் செய்திருந்தார்கள். நானும் செய்திருந்தேன், முத்துமுத்தான கையெழுத்தில்.

“சீட்டு உங்களுக்குத்தான் விழுந்தது. இவர்கிட்ட எதுக்கு அனுமதி கேக்கறீங்க?” என்று சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. அதுவும் எனக்கு நியாயமாகவே பட்டது. அக்காவின் கணவரிடம் யார் சொல்வது என்பதுதான் பாக்கி. ஆண்பிள்ளையாக ஒரு முடிவெடுத்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

விழா மாலை, கணவர் வெள்ளை வேட்டியில் முதல் வரிசையில், சம்பந்திகளுக்கு நடுவே. பெரிய வீடு வரப்போகிறது என்ற நிம்மதி முகத்தில். திரையாக இருந்த இரண்டு போர்வைகள் விலகின. மேடையில் குடியிருப்புச் சங்கச் செயலாளரின் சிவப்பு மெத்தை நாற்காலி. அதில் அக்கா. நான் உள்ளே வந்தேன். கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்திருந்தார். முட்டி எழப் பார்த்தது, அவர் எழவில்லை. அப்போது முதல் வரிசையிலிருந்து அந்த ரகசியக் குரல்.

“இன்னாம்மே இது?”

கணவர் எழுந்தே விட்டார். அக்காவின் உடம்பு நாற்காலியிலிருந்து ஒரு சாண் மேலே வந்தது. போச்சு என்று நினைத்தேன். வந்த உடம்பு அப்படியே இறங்கியது. என்னைத் தாண்டி, நேராக முதல் வரிசையைப் பார்த்தார்.

“வந்தாச்சா? எதுக்கு நின்னுகினு கீற? உக்காரு.”

முதல் வார்த்தை மட்டும்தான் நான் எழுதியது. கூட்டம் கைதட்டியதில் கணவர் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார இடம் தேடினேன். மேடையில் வேறு நாற்காலி இல்லை. தரையில் உட்கார்ந்தேன், அதற்கும் கைதட்டினார்கள்.

ஐந்து காட்சியிலும் அக்கா எழவில்லை. கடைசியில் இருமல் வரவேண்டிய இடம் வந்தது, இருமல் வரவில்லை. “இருமுங்க அக்கா” என்று முனகினேன். காதில் வாங்கவில்லை. பிணத்தின் அருகே அழும் கணவனுக்குக் காபி கொண்டுவர வேண்டிய என் மனைவி வந்தாள். பிணத்தைக் காணோம் என்றதும் டம்ளரை அக்காவிடம் கொடுத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் போகாமல் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். போர்வைகள் மூடின.

கணவர் மேடைக்கே வந்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“ஊட்டுக்குப் போலாமா?”

“காப்பி குடிச்சிட்டு வரேன்” என்றார் அக்கா, உட்கார்ந்தபடியே.

அவரும் நாற்காலி தேடினார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“சம்பந்தியம்மா கைதட்டினாங்க தம்பி” என்றார் ரகசியமாக. மூன்றாம் மாடிக்குக் கேட்டிருக்கும்.

அக்கா காபியை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்.