அம்பரெல்லாக்கள் தின்னப்பட்டன

வெள்ளவத்தையில் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான் கடற்கரை ரயில் ஓடும். ரயில் போகும்போதெல்லாம் ஆங்கில மிஸ் பாதி வாக்கியத்தில் நின்று, அது போய் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அவர் ஒரு பறங்கிப் பெண்மணி. ஐந்தாம் வகுப்பில், அந்தத் தவணை, அவர் எங்களுக்குச் செயப்பாட்டு வினை சொல்லித் தந்தார். ஒரு காரியத்தைச் செய்தவர் யாரென்று தெரியாவிட்டால், அல்லது சொல்லத் தேவையில்லாவிட்டால், அவரை வாக்கியத்திலிருந்து விட்டுவிடலாம் என்றார்.

வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அன்று மாலையே வீட்டில் சோதித்துப் பார்த்தேன். "கோப்பை உடைக்கப்பட்டது அம்மா" என்றேன்.

"ஓ, அப்ப அது கூட்டப்படவும் வேணும். தும்புத்தடியை எடு" என்றார் அம்மா.

தமிழில் எடுபடவில்லை. ஆனால் வகுப்பில் ஒரே வாங்கில் என் பக்கத்தில் இருக்கும் தோழி மனம் தளரவில்லை. அவளுடைய அப்பா நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு புரொக்டரிடம் கிளாக்கராக இருந்தார். "செய்த ஆள் ஆரெண்டு தெரியாட்டி வழக்கு நிக்காது. அப்பா சொல்லுறவர்" என்றாள்.

பள்ளி முற்றத்தில் ஓர் அம்பரெல்லா மரம் நின்றது. அதன் புளிப்புக் காய்கள் தலைமை ஆசிரியைக்கு மட்டும் சொந்தம். ஒரு நாள் இடைவேளையில் நாங்கள் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு அவற்றைத் தின்று, முள்ளுக் கொட்டைகளை வாங்குக்கு அடியில் தள்ளிவிட்டோம். மிஸ் வந்ததும் ஒரு கொட்டையில் அவர் சப்பாத்து ஏறியது. யார் வேலை இது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தோழி எழுந்தாள். "தி அம்பரெல்லாஸ் வேர் ஈட்டன், மிஸ்."

யாரால் என்றார் மிஸ். சொல்லத் தேவையில்லாவிட்டால் விட்டுவிடலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அவள் பணிவோடு நினைவூட்டினாள். மிஸ் அவளுடைய மேசை மூடியைத் திறந்து, உள்ளே நாங்கள் ஒளித்து வைத்திருந்த மிச்சக் காயை எடுத்து, உப்பு இருக்கிறதா என்று கேட்டார். இது தண்டனையின் தொடக்கமா, இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை.

அவர் கடித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் தலைமை ஆசிரியை. மரத்தில் காய்கள் குறைந்திருப்பதை அவர் கண்டுவிட்டார். மிஸ் விழுங்கிவிட்டு, அவை தின்னப்பட்டுவிட்டதாகத்தான் தெரிகிறது என்று சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அதற்கு எவ்வளவு பாடுபட்டோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

தலைமை ஆசிரியை இலக்கணம் அறியாதவர் அல்லர். பள்ளி விட்ட பிறகு வகுப்பு முழுவதும் மறித்து வைக்கப்படும் என்றார். செய்தவர் யார் என்பது தெரியும்படி, நடந்ததைச் செய்வினையில் எழுதவேண்டும். காவலுக்கு மிஸ்ஸே இருக்கவேண்டும்.

அம்பரெல்லாக்களைக் காகம் தின்றது என்று தோழி பக்கம் முழுவதும் எழுதினாள். நான் அணில் என்று எழுதினேன். மிஸ் ஒவ்வொரு வரியாக வாசித்தார். பிழை ஒன்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் சரி போட்டு, எங்களை வீட்டுக்கு அனுப்பினார்.