ஏற்காட்டில் வெயில் விற்ற கதை

வெயிலைச் சேலத்தில் விற்க முடியாது, அங்கே யாருக்கும் வேண்டாம். ஏற்காட்டில் விற்கலாம், ஆனால் சரக்கு வந்து சேர வேண்டுமே. எண்பதுகளின் கடைசியில் என் தொழில் இதுதான், சோலார் வாட்டர் ஹீட்டர் விற்பது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வேண்டாம்ப்பா" என்ற சொல்லைக் கேட்டே வயிறு நிறைந்த சக பாவிகளே, என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள். சேலத்து முதலாளி சொல்லித்தான் அனுப்பினார். மே மாத சீசன் முடிவதற்குள் மலைமேல் ஒரு ஹீட்டராவது ஒழுங்காக ஓட வேண்டும். இல்லாவிட்டால் சோலாரை ஏறக்கட்டிவிட்டு, என்னைக் குடோனில் பம்புசெட்டுக்குக் காவல் வைத்துவிடுவார். எனக்கோ அந்தப் பனியை விட்டு இறங்க மனசே இல்லை.

வராத சரக்கு

ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி டீ குடித்தேன். எதிர்க்கடை தெரியவில்லை. டீக்கடைக்காரர் முகமே பாதிதான் தெரிந்தது. பனி மெல்ல நகர்ந்து டீ கிளாஸைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் டீ ஆறிப்போனது. இந்த ஊரில் நின்றாலே எனக்குப் பாதித் தூக்கம்தான்.

என் கையிலிருந்த ஹீட்டர் படத்தை வாங்கிப் பார்த்த டீக்கடைக்காரர், கண்ணாடிப் பெட்டி எதற்கு என்றார். வெயில் பட்டால் பெட்டிக்குள் இருக்கும் குழாயில் தண்ணீர் சுடும், சுட்டது தானாக மேலே ஏறித் தொட்டியில் சேரும், விறகே வேண்டாம் என்றேன். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "ஏனுங்க, எங்கூருக்கு வெயிலே விருந்தாளியாட்டம் வந்து போவுதுங்க. அதுங்கிட்டப் போயி வேலை வாங்கறதுங்களா?"

முதல் குளியல்

கடைசியில் சிக்கியவர் கந்தசாமி அண்ணன். ஏரிக்கு மேலே சரிவில் சின்ன லாட்ஜ் வைத்திருந்தார். பின்கட்டில் கொப்பரை வைத்து வெந்நீர் காய்ச்சுவார்கள். முன்பெல்லாம் விறகு லாட்ஜுக்குப் பின்னாலேயே கிடைக்குமாம். இப்போது கொட்டச்சேடு கிராமத்துக்கும் அப்பாலிருந்து ஜீப்பில் வந்தது. அதுவும் பச்சை விறகு, புகைதான் அதிகம். "சீசன் வரைக்கும் வெச்சுப் பாக்கலாம், சரியில்லீன்னா எடுத்துட்டுப் போயிருங்க" என்றார். மொட்டை மாடியில் பெட்டியையும் தொட்டியையும் ஏற்றினோம்.

அன்று பனி, மறுநாளும் பனி. அதற்கடுத்த நாள் வெயில் வந்தது போலத்தான் தெரிந்தது. ஈரோட்டிலிருந்து வந்திருந்த புதுமாப்பிள்ளை ஒருத்தரை ஆசையாகக் குளிக்க அனுப்பினேன். அவர் துண்டைப் போர்த்திக்கொண்டு, பல் கிட்டிக்க வெளியே வந்து நின்றார். "சூரியன் எட்டிப் பாத்துட்டுப் போன தண்ணியாட்டம் இருக்குதுங்க" என்றார்.

பலாமரம்

என்னதான் கோளாறு என்று ஒரு நாள் முழுக்க மாடியிலேயே உட்கார்ந்தேன். காலையில் பனி என்னையும் பெட்டியையும் சேர்த்து விழுங்கியிருந்தது. எங்கோ ஒரு பஸ் வளைவில் ஹாரன் அடித்தது, அதுவும் பஞ்சுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. கண் சொருகிவிட்டது. விழித்தபோது உச்சி வெயில். சரி, பிழைத்தோம் என்று நினைப்பதற்குள் பக்கத்துப் பலாமரத்தின் நிழல் கண்ணாடி மேல் ஏறி, சாயந்தரம் வரைக்கும் இறங்கவே இல்லை.

கந்தசாமி அண்ணனுக்கு இதில் குழப்பமே இல்லை. மரத்தை வெட்டிவிட்டால் வெயிலும் ஆச்சு, விறகும் ஆச்சு என்று ஆளுக்குச் சொல்லி அனுப்பப் போனார். நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். கண்ணுக்குள் குடோன் வந்து போனது. அவர் மனைவி மரகதம் அக்கா அடுப்படியிலிருந்து வந்தார். மரத்தில் பிஞ்சு பிடித்திருந்தது. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "மரத்தக் காப்பாத்தற மெஷினுன்னு சொல்லித்தானே கொண்டாந்தீங்க தம்பி. மொத வேலையா எங்கூட்டு மரத்தையே கேக்குதே?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. பெட்டியைக் கழற்றத்தான் மறுபடி மாடிக்கு ஏறினேன். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே, லாட்ஜுக்குப் பின்னால் அவர்களுடைய காப்பித் தோட்டத்துக் களம். அங்கே அக்கா மிளகு காயவைத்துக் கிளறிக்கொண்டிருந்தார். என் கண்ணாடியில் நிழல். அவர் மிளகில் நல்ல வெயில். இந்த மலையில் களம் போடுகிறவர்கள் வெயில் முதலில் வந்து கடைசியாகப் போகும் இடத்தைப் பார்த்துத்தான் போடுவார்கள். நான் கட்டடத்தைப் பார்த்து வைத்துவிட்டேன். அதோடு களம் சரிவில் கீழே இருந்தது. பெட்டி கீழேயும் தொட்டி மேலேயும் இருந்தால் வெந்நீருக்கு இன்னும் கொண்டாட்டம்.

களத்து ஓரம்

பலாமரம் பிழைத்தது. களத்து ஓரத்தில் பெட்டியை வைத்து, குழாய்க்குச் சாக்கு சுற்றி மேலே மாடித் தொட்டிக்குக் கொண்டுபோனோம். தண்ணீர் சுட்டது. தொட்டவர்கள் கையை உதறினார்கள். அந்த மகிழ்ச்சியில் நான் சேலம் போய்விட்டு வந்தால், மறுபடி பச்சைத் தண்ணீர். ஓடிப்போய்ப் பார்த்தேன். கண்ணாடி மேல் சாக்கு விரித்து, அதன்மேல் மிளகைப் பரப்பியிருந்தார் அக்கா. பெட்டியின் விளிம்புச் சட்டம் தடுத்ததால் ஒன்றுகூட உருளவில்லை.

என்னக்கா இப்படிச் செய்துவிட்டீர்கள் என்றேன். அவருக்கு என் மேல் பெரிய மரியாதையே வந்திருந்தது. "நொம்ப நல்லாக் காய வெக்குதுங்க தம்பி. தூசி இல்ல, மண்ணு இல்ல. இன்னொண்ணு இருந்தாக் கொண்டாங்க" என்றார்.

கெஞ்சிக் கூத்தாடி மிளகைத் தரைக்கு இறக்கினேன்.

விறகுக் கொட்டகை

சீசன் முடியப்போகும் நேரம் முதலாளியே ஜீப்பில் வந்து இறங்கினார். வந்த நேரம் பார்த்துப் பனி. களத்தைக் காணோம், பெட்டியைக் காணோம். முதலாளியை நேராகக் குளியலறைக்குக் கூட்டிப்போனேன். குழாயைத் திறந்து கையை நீட்டினார். நேற்றைய வெயிலின் சூடு தொட்டியில் கொஞ்சம் மிச்சமிருந்தது, இதமான வெந்நீர். முதலாளி சமாதானமாகவில்லை. "ஒரு நாள் சுட்டா ஆச்சா? விறகு எவ்வளவு மிச்சமாச்சு?" என்று என்னைக் கேட்டார்.

அக்காதான் அவரைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், விறகுக் கொட்டகைக் கதவைச் சத்தமில்லாமல் திறந்தார். "அளவெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எங்கூட்டுக் கோழி இந்த வெறகு அடுக்குக்குள்ள அடை உக்காந்து, குஞ்சும் பொரிச்சிருச்சு. ஒருத்தரும் வந்து வெறகு உருவி அதை எழுப்பலீங்க."

முதலாளி குனிந்து பார்த்தார், குஞ்சுகளும் அவரைப் பார்த்தன, அதற்கப்புறம் குடோன் பேச்சு வரவில்லை. ஓசியில் வருகிற வெயிலாகவே இருந்தாலும் அது வந்து உட்காரும் இடத்தில்தான் போய்க் காத்திருக்க வேண்டும் என்பதை, மாடியில் தூங்கியே கற்றுக்கொண்டு அதற்குச் சம்பளமும் வாங்கியவன் அந்த மலையில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.