மூன்று காமிராவும் ஒரு முகமும்

இருட்டறையில் வேலை பார்க்கிறவனுக்கு ஆட்கள் முதலில் சத்தமாகத்தான் வந்து சேருவார்கள். கதவில் விரல் முட்டினால் முதலாளி. செருப்புத் தேய்ந்தால் தபால்காரர். அன்று சாயங்காலம் கேட்டது கொலுசுச் சத்தம். கதவுவரை வந்தது, நின்றது, திரும்பிப் போனது, மறுபடி வந்தது. "ஏட்டி, சும்மா இரி. உள்ள வேலை நடக்கு" என்று ஒரு பெண்குரல். டெவலப்பர் மருந்தில் பிலிம் கிடந்தது, வெளிச்சம் பட்டால் அத்தனையும் போச்சு. வீடே இடிந்து விழுந்தாலும் அப்போது கதவைத் திறக்க முடியாது.

வெளியே வந்தபோது ஒரு சின்னப் பெண்பிள்ளையும் அதன் தாயும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். குத்துக்கல்வலசை மாடத்தி. அவள் புருஷன் சுடலையை எனக்குத் தெரியும். சாரல் காலத்தில் எங்கள் தென்காசி ஸ்டூடியோவைப் பாதி பெயர்த்துக்கொண்டுபோய்க் குற்றாலத்து அருவிக்கரையில் கீற்றுக் கொட்டகை போடுவோம். பக்கத்திலேயே சுடலை பலகை போட்டு, குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். ஐப்பசியில் காய்ச்சல் கண்டு போய்விட்டார். வீட்டில் ஒரு படம்கூட இல்லை.

"ராத்திரி கண்ணை மூடினா அவரு கை வருது அண்ணாச்சி, குரல் வருது. மொகம் மட்டும் வரமாட்டேங்கு. அருவிக்கரையில நீங்க பிடிச்ச படத்துல எதுலயாவது அவரு நிக்காமலா இருப்பாரு?"

சட்டைக்குள் போகிற காமிரா

எங்களிடம் அப்போது மூன்று காமிரா. மூன்றையும் வைத்துக் கட்டுப்படியாகாது, எதை வைப்பது, எதை விற்பது என்று முதலாளி மாதக்கணக்கில் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மோகம் புதிதாக வாங்கின சின்னதின் மேல். சாரல் அடித்தால் சட்டைக்குள் போட்டுக்கொள்ளலாம். ஒரு சுருளை மாட்டினால் அருவிக்கரையில் இருக்கிற அத்தனை பேரையும் பிடித்துவிடலாம். நெகட்டிவ் என்னவோ பெரிய தபால்தலை அளவுதான்.

அந்தச் சுருள்களில்தான் முதலில் தேடினேன். மதராஸிலிருந்து வந்த நாலு பேர் ஈரத் துண்டோடு சிரிக்க, பின்னால் எள்ளளவில் சுடலை. பெரிதாக்கினேன். ஆக்க ஆக்க மூக்கு புள்ளியாயிற்று, கண் புள்ளியாயிற்று. முதலாளி எட்டிப் பார்த்து, "மூஞ்சியா வே இது? முறத்துல குறுணையைப் பரத்தின மாதிரில்லா இருக்கு" என்றார்.

மாடத்தி அதைக் கிட்டே வைத்துப் பார்த்தாள், எட்ட வைத்துப் பார்த்தாள். "இதாம்மா அப்பா?" என்று பிள்ளை கேட்டது.

"இருக்கும்ட்டி."

குனிந்து பார்க்கிற காமிரா

இரண்டாவது, வயிற்றோடு பிடித்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்கிற வகை. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய சதுர நெகட்டிவ். கல்யாண வீட்டுக்கும் சரி, அருவிக்கும் சரி, இடைப்பட்ட மனுஷன். அதில் ஒரு படம் கிடைத்தது. திருநெல்வேலி வக்கீல் ஒருவர், எண்ணெய் தேய்த்துக்கொள்வதையே படம் பிடிக்கச் சொல்லிப் பலகையில் குப்புறப் படுத்திருக்கிறார். சுடலை அவர் முதுகின் மேல் குனிந்திருக்கிறார். விரல் நரம்பு தெரிகிறது. நகக்கண்ணில் எண்ணெய் மினுங்குகிறது. தலையில் உச்சிதான் தெரிகிறது.

"கை அவருதுதான். கையைத் தொலைச்சுட்டு நான் வரலியே அண்ணாச்சி" என்றாள்.

கறுப்புத் துணிக்குள் நுழைகிற காமிரா

மிச்சமிருந்தது மூன்றுகால் பெட்டிக் காமிரா. அருவிக்கரைக்குக் கொண்டுபோக ஒரு ஆள் தலைச்சுமை. பிலிம் இல்லை, சிலேட்டு அளவு கண்ணாடிப் பிளேட். குடும்பத்தோடு நிற்கிறவர்களுக்கு மட்டும்தான் அதை எடுப்போம். அந்தச் சீசனில் அப்படி நின்றது ராயகிரிப் பண்ணையார் வீடு.

அந்தப் படத்தில் சுடலை ஓரத்தில் நின்றிருந்தது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. முதல் காப்பியைப் பார்த்த பண்ணையார், "எங்க குடும்பத்துல எண்ணெய்க்காரன் எப்பம் வே சேந்தான்? எடுத்துரும்" என்றார். அதெல்லாம் எங்கள் தொழிலில் தினப்படி வேலை. கத்தியால் சுரண்டினால் பக்கத்து முகமும் போய்விடும் என்பதால், கண்ணாடியின் முதுகில் சிவப்பு மை பூசுவோம். பூசின இடம் காகிதத்தில் வெள்ளையாக விழும். பின்னால் அருவி. சுடலை அருவிக்குள் போய்விட்டார்.

ஈரப் பஞ்சால் துடைத்தேன். சிவப்பு கரைந்து என் மணிக்கட்டுவரை இறங்கியது. காதுமடல், தாடை முள், புருவத்துத் தழும்பு என்று ஒவ்வொன்றாக அவர் வெளியே வந்தார். கையில் எண்ணெய்க் கிண்ணம். நேராகக் காமிராவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெட்டி நிதானமாகத்தான் படம் பிடிக்கும். முதலாளி துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "எல்லாரும் அசையாம நில்லுங்க" என்று கத்துவார். தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று சுடலை நின்றிருக்கிறார். மற்ற இரண்டு காமிராவுக்கும் நாங்கள் யாரையும் அப்படி நிற்கச் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தேன். மாடத்தி சுவரில் சாய்ந்து வெகுநேரம் பார்த்தாள். பிள்ளை கொலுசுக் காலில் எம்பி எட்டிப் பார்த்தது.

"அவரு இப்படிச் சும்மா நின்னு நான் பாத்ததே இல்ல அண்ணாச்சி."

அவர்கள் போன பிறகு முதலாளி பெட்டிக் காமிராவைத் தட்டிக்காட்டி, "இப்பமாவது சொல்லும் வே, இதை வைக்கவா, விக்கவா?" என்றார்.

இதில் வேண்டியவர் வேண்டாதவர் எல்லாரும் விழுந்துவிடுகிறார்கள், அதுதான் இதன் பெருமையும் தொல்லையும் என்று சொல்லிவிட்டு, ராயகிரியிலிருந்து இன்னொரு காப்பி கேட்டிருந்ததால், மையைக் குழைத்து, சுடலை நின்ற இடத்தில் மறுபடி சிவப்புப் பூச உட்கார்ந்தேன்.