அப்பாவுக்கு எட்டாமல் போன அப்பம்

பிள்ளைகளே, நீங்கள் சின்னவர்களாக இருந்தபோது வாணியம்பாடியில் ஒரு மாடி ஹாலுக்கு நாம் மூன்று வருஷம் போய்வந்தோம். ஞாயிற்றுக்கிழமை அல்ல, சனிக்கிழமை. மற்ற சபைகளெல்லாம் கெட்டுப்போய்விட்டன, ஆதி விசுவாசத்துக்குத் திரும்பினவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று அங்கே சொன்னார்கள். பன்றிக்கறி வேண்டாம், இறால் வேண்டாம், கிறிஸ்துமஸ் வேண்டாம் என்றார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். அதிகாரம், வசனம் என்று எண்ணைச் சொல்லிக்கொண்டே ஒருவர் பேசினால், அவர் பேசுவதெல்லாம் வேதம் என்று நம்பிவிடுவேன். வாசலில் கட்டியிருந்த காகித நட்சத்திரத்தை நானே இறக்கிக் கிழித்தேன். நீங்கள் இரண்டு பேரும் அழுதீர்கள். எனக்கு அன்று பெருமையாக இருந்தது.

உங்கள் தாத்தாவையும் அங்கே இழுத்துக்கொண்டு போனது நான்தான். ஆம்பூரில் நான் வேலை செய்த அதே தோல் பதனிடுகிற ஷாப்பில் அவர் வயசான பிறகும் வேலை செய்தார். உப்பு போட்ட பச்சைத் தோலை உதறி, கழுவி, சுண்ணாம்புத் தொட்டியில் இறக்குகிற வேலை. நகமெல்லாம் அரித்துப்போன கைகள். இயேசுவின் நினைவாக அப்பம் பகிர்கிற திருவிருந்து அன்று அந்தக் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்து நீட்டி அப்பத்தை வாங்குவார். அதைவிட அவருக்குப் பெரிய காரியம் வாழ்க்கையில் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வருஷம் பைபிளின் பழைய சட்டப் புத்தகமான லேவியராகமம் போதித்தார்கள். செத்த மிருகத்தைத் தொடுகிறவன் தீட்டுப்பட்டவன் என்றார் அந்த ஹாலை நடத்திய மூப்பர். அடுத்த சனிக்கிழமை, அப்பம் கொடுக்கிற நேரத்தில், மைக்கிலேயே சொன்னார்:

"பச்சைத் தோல்ல வேலை பாக்குற பிரதர்ஸ் மட்டும் கொஞ்சம் பின்னாடி வரிசைக்குப் போய்டுங்க. வேலைய மாத்தினப்புறம் அப்பம் எடுத்துக்கலாம். தப்பா நினைக்காதீங்க, வசனம் அப்படி."

ஷூ கம்பெனியில் தைக்கிறவர்கள் எழவில்லை. அது பதனிட்ட தோல், தீட்டில்லையாம். மூப்பரே அப்படி ஒரு கம்பெனியில் ஆபீஸ் வேலையில் இருந்தவர். பச்சைத் தோல்காரர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் எழுந்தோம். தாத்தா எழவில்லை. நீட்டிய கைகளோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து அவர் தோளைத் தொட்டேன்.

"வாப்பா, பின்னாடி போய்டலாம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்தார். பின்வரிசை நாற்காலியில் உட்காராமல் படி இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு எந்தச் சபைக்கும் போகவில்லை. நான் மட்டும் இன்னும் நான்கு மாதம் அந்தப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வேறு வேலை தேடிக்கொண்டிருந்தேன்.

வேலை தேடுவது எங்கள் மேஸ்திரி பாய்க்குத் தெரிந்துபோயிற்று. சாப்பாட்டு நேரத்தில் பிடித்துக்கொண்டார்.

"இன்னா தோஸ்த், தோல் தீட்டாமே? உங்க மூப்பரு கையில வச்சிருக்காரே பைபிள், அதுக்கு உறை இன்னா, வாழை எலையா?"

"அது பதனிட்டது பாய்."

"யாரு பதனிட்டது? மேலருந்து எறங்குச்சா?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சரி, அவ்ளோ பெரிய புத்தகத்துல தோல்காரன் ஒருத்தன்கூடவா இல்ல? நீ படிச்சியா, அவரு படிச்சதக் கேட்டியா?"

கேட்டதுதான். அவர்கள் சொன்ன வசனத்தைத் தவிர, அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று நான் திருப்பிப் பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஆண்டவருக்கென்று போட்ட ஆசரிப்புக் கூடாரத்துக்குச் சிவப்பேற்றிய ஆட்டுத்தோலால் மேல்மூடி போடச் சொல்லியிருந்தது. தோலைச் சிவப்பாக்க எத்தனை பேர் எத்தனை நாள் கை நனைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். முழுசாக எரிக்கிற சர்வாங்க தகனபலியின் தோல் ஆசாரியனுக்கே சேரும் என்று இருந்தது. தீட்டு என்று அவர்கள் படித்த அதே அதிகாரத்தில், அந்தத் தீட்டு சாயங்காலம் வரைக்கும்தான் என்று இருந்தது. சாயங்காலம் வரைக்கும்! அதை அவர்கள் சாகும் வரைக்கும் என்று ஆக்கியிருந்தார்கள். கடைசியாக, அப்போஸ்தலர் நடபடிகளில் யோப்பா பட்டணம் வந்தது. இயேசுவின் சீஷன் பேதுரு அநேக நாள் தங்கியிருந்த வீடு, தோல் பதனிடுகிற சீமோனுடைய வீடு.

நோட்டுத்தாளில் எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு மூப்பர் வீட்டுக்குப் போனேன். அவர் தாளை வாங்கவில்லை.

"தங்கினாரு, சரி. அவங்க வீட்ல சாப்டாருன்னு போட்டிருக்கா பிரதர்?"

"அடுத்த அதிகாரத்துல பசிச்சுதுன்னு போட்டிருக்குங்க. அவங்க சமைச்சிட்டிருந்தாங்கன்னும் போட்டிருக்கு."

"சாப்டாருன்னு போட்டிருக்கா?"

"சாப்பிடாம எப்படிங்க அத்தனை நாளு..."

"நீங்க எது வரைக்கும் படிச்சிருக்கீங்க பிரதர்?"

சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "இதெல்லாம் ஆழமான சத்தியம். உங்க ஆளுங்களுக்குப் புரியக் கொஞ்சம் காலம் ஆகும்."

உங்க ஆளுங்க. என் தாத்தாவின் அப்பா ஞானஸ்நானம் எடுத்ததே இந்தச் சொல்லிலிருந்து தப்பிக்கத்தான். ஊருக்குள் தொடக்கூடாது என்று சொல்லப்பட்டவரின் கையில் ஒரு ஆயர் அப்பத்தை வைத்தார். நான்கு தலைமுறை அந்த ஒரு துண்டு அப்பத்தில் நிமிர்ந்து நின்றது. அதை இவர்கள் வசன எண்ணோடு திரும்பப் பிடுங்கினார்கள். பிடுங்கக் கை கொடுத்தவன் நான்.

அன்றோடு ஹாலை விட்டேன். வீட்டுக்கு வந்து, மூச்சிரைப்போடு படுத்திருந்த தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, சீமோன் வீட்டுக் கதையை வாசித்துக் காட்டினேன். நல்ல சேதி கொண்டுவந்தவன் மாதிரி வாசித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"அன்னிக்கு இது உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுப்பா. இப்பத்தான் படிச்சேன்."

"இதப் படிச்சாத்தான் தெரியுமாடா? நான் உன் அப்பன்னு தெரியாதா?"

பைபிளை மூடி வைத்தேன்.

அவர் முடியாமல் கிடந்த கடைசி வாரத்தில், நம் பழைய சபை ஆயரிடம் போய் மன்னிப்புக் கேட்டு அழைத்துவந்தேன். அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் வந்தார். கட்டில் பக்கத்தில் ஜெபம் பண்ணி, அப்பத்தை எடுத்து நீட்டினார்.

"ஐயா, வாங்கிக்கோங்க. இது உங்களுக்குத்தான்."

தாத்தா ஆயரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வேணாங்க ஐயா. கை சுத்தமில்ல" என்றார்.