பொன்னம்மாவின் நாற்பத்தெட்டு நாள் சூரணம்

யுத்தகாலத்தில் சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடிக்க வந்த ஜப்பான்காரன் லாரி, காஜா பெராங் தெரு முனையில் சுப்பையனையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. அன்று முதல் அவன் மனைவி பொன்னம்மாவுக்குத் தூக்கமில்லை, கை நடுக்கம். சும்மா நடுக்கமா? அவள் ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தால், பக்கத்து வீட்டுக் கோழி அடைகாத்துக் குஞ்சே பொரித்துவிடும். இதில் பாதியை நம்பினால் போதும்.

முழுதாக நம்ப வேண்டியது இது: ஜப்பான்காரன் நடத்திய தையற்கூடத்தில் அதிகாரிகளின் சட்டைகளுக்குப் பொத்தான் துளை கட்டி, கழுத்துப் பட்டைக்கு மரவள்ளி மாவில் கஞ்சி போடுவது அவள் வேலை. கூலி அரிசி. ஊரே கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடந்தபோது, மகள் கோகிலா சோற்றைப் பார்த்தது அந்தக் கூலியில்தான். தீபாவளிக்குள் கை நிற்காவிட்டால் வரவேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

ஜாலான் பெண்டஹாரா தெருவில் நாட்டுமருந்துக் கடை வைத்திருந்த கலியாணசுந்தரம் தூக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் அமுக்கராக் கிழங்குச் சூரணம் கொடுத்தார். இந்தியக் கப்பல் நின்றுபோன காலம்; டப்பாவின் அடியில் கிடந்ததுதான். அதைத் திறந்தால் தெருக்கோடியில் ஜப்பான்காரன் குதிரைகள் சொந்தக்காரன் வந்ததாக நினைத்துக் கனைக்குமாம், அப்படி ஒரு குதிரை வாடை.

“ஒரு மண்டலம், தங்கச்சி. நாப்பத்தெட்டு நாள், சூடான தேங்காப்பால்ல. வாரா வாரம் நீயே வந்து வாங்கிக்கணும்.”

போனாள். ஒவ்வொரு வாரமும் அவளை மிளகுச் சாக்கின்மேல் உட்காரவைத்து, எத்தனை நாழிகை தூங்கினாள், சயாமிலிருந்து சேதி உண்டா என்று கேட்பார். அழுதால் அழ விடுவார். மூன்றாம் வாரம் தூக்கம் வந்தது. ஐந்தாம் வாரம் ஊசி சொன்னபடி கேட்டது.

ஆறாம் பொட்டலத்தைக் கலக்கியபோது தேங்காய்ப்பால் இறுகிக் கூழாயிற்று. கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. வாடை என்னவோ பழைய டப்பாவின் வாடைதான். ஆனால் தினமும் கஞ்சி காய்ச்சுகிறவளிடமா மரவள்ளி மாவை மறைப்பது? கோபம் வந்தது. அப்போதுதான் கரண்டியைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். அசைவில்லை. கூழைச் சொட்டு விடாமல் வழித்துக் குடித்தாள்.

வேலை நிலைத்தது. நாற்பத்திரண்டாம் நாள், வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த சட்டையொன்றைக் கலியாணசுந்தரத்திடம் நீட்டினாள். கழுத்துப் பட்டை பலகைபோல் விறைத்து நின்றது.

“உங்க சூரணந்தான் அண்ணே. கொஞ்சம் இதுக்கும் குடுத்தேன்.”

பட்டையைத் தடவிப் பார்த்தவர் தலை நிமிரவில்லை. ஐந்தாம் பொட்டலத்தோடு டப்பா காலி என்றும், சொன்னால் அவள் வருவதை நிறுத்திவிடுவாளோ என்று பயந்ததாகவும் மெதுவாகச் சொன்னார்.

பொன்னம்மா மிளகுச் சாக்கின்மேல் வழக்கம்போல் உட்கார்ந்தாள்.

“இன்னும் ஆறு நாள் இருக்குல்ல அண்ணே? பொட்டலம் கட்டிக் குடுங்க.”